உறுப்பைக் காக்கும் மருந்தும் தோலைக் காக்கும் மாத்திரையும்

உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை பெற்றவர்களின் உடல் புதிய உறுப்பை நிராகரித்துவிடக் கூடாது என்பதற்காக அன்றாடம் தரப்படும் மருந்துகளே, ஆண்டுகள் செல்லச் செல்ல, அவர்களுடைய தோலில் புற்றுநோய் தோன்றவும் வழி திறந்துவிடுகின்றன. தோலின் மேலடுக்கில் உருவாகும் செதிள் செல் புற்று, மற்றவர்களோடு ஒப்பிடும்போது இவர்களுக்கு 65 மடங்குக்கும் மேல் மிகுதியாக வருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோல் புற்றின் மற்றொரு வகையான அடிச்செல் புற்று ஏறத்தாழ 10 மடங்கு மிகுதி. பொதுவாக அடிச்செல் புற்றுதான் அதிகம் காணப்படும்; உறுப்பு மாற்று பெற்றவர்களிடம் அந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது, இரண்டில் ஆபத்து கூடியதே முன்னால் வந்து நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் சிறுநீரக மாற்று பெற்றவர்களைக் குறித்து 1996 இல் வெளியான ஆய்வு, முதல் ஆண்டின் முடிவில் 7 விழுக்காட்டினருக்கும், 11 ஆண்டுகளில் 45 விழுக்காட்டினருக்கும், 20 ஆண்டுகளில் 70 விழுக்காட்டினருக்கும் ஏதேனும் ஒரு தோல் புற்று வந்திருந்ததாகக் கணக்கிட்டது. கடும் வெயிலும் வெளுத்த தோலும் ஒன்றுசேர்ந்த நிலப்பகுதி அது என்பதால் அந்த எண்களை எல்லா மக்களுக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் மருந்து உண்ட ஆண்டுகள் கூடக்கூட ஆபத்தும் கூடும் என்பது எங்கும் ஒன்றுதான்.

இதைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் என் அண்ணன். அவருக்குச் சிறுநீரகம் மாற்றப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. நில அளவைப் பணியில் வாழ்நாளின் பெரும்பகுதியை வெயிலில் கழித்தவர். வழக்கமான பரிசோதனை ஒன்றின்போது அவருடைய புறங்கையில் இருந்த சொரசொரப்பான தடிப்பைச் சிறுநீரக மருத்துவர் கவனித்துத் தோல் மருத்துவரிடம் அனுப்பினார். சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியில் அது செதிள் செல் புற்று என்று தெரிந்தது. முழுமையாக வெட்டி எடுக்கப்பட்டது. தையல் பிரித்த அன்று அண்ணன் என்னிடம், “வந்ததை வெட்டிட்டாங்க, சரி. இனிமே வராம இருக்க ஒரு மாத்திரையும் கிடையாதா? நீதான் எல்லாத்தையும் படிக்கிறவளாச்சே, பாரேன்” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான விடை ‘உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு சொல்லில் அடங்காதது ஏன் என்பதை அவருக்கு விளக்கியதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில், இந்தப் புற்று ஏன் இவர்களுக்கு வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மாத்திரைகளின் வெற்றியும் தோல்வியும் அதில்தான் அடங்கியிருக்கின்றன. வெயிலின் புறஊதாக் கதிர்கள் தோல் செல்களின் மரபுப் பொருளை (டி.என்.ஏ.) சேதப்படுத்துகின்றன. உடல் அந்தச் சேதத்தைப் பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். சரிசெய்ய முடியாமல் தடம் மாறிய செல்களை நோய் எதிர்ப்பு மண்டலம் கண்டுபிடித்து அழிக்கும். உறுப்பு மாற்று மருந்துகள் இரண்டாவது காவலைத் தளர்த்துகின்றன என்பது எளிதில் விளங்கும். ஆனால் சில மருந்துகள் முதல் காவலையும் கெடுக்கின்றன. 1960களிலிருந்து பயன்பட்டுவரும் அசாதயோப்ரின், உடலில் உருமாறி மரபுப் பொருளுக்குள்ளேயே இடம்பிடித்து, புறஊதா ஏ கதிர்களைத் தோல் செல்கள் உறிஞ்சும்படி செய்கிறது. அதனால் வெயிலே கூடுதலாகக் காயப்படுத்துகிறது. 1980களில் வந்து உறுப்பு மாற்றுத் துறையையே நிமிர்த்திய சைக்ளோஸ்போரின், சேதமான மரபுப் பொருளைச் சீராக்கும் வேலையைக் குறைக்கிறது. இவற்றோடு, தோலில் அமைதியாக வாழும் சில வகைப் பாப்பிலோமா வைரஸ்களும் எதிர்ப்பு குறைந்த இடத்தில் தலைதூக்குகின்றன. விளைவாக, ஒரு புள்ளியில் மட்டும் நோய் இருப்பதில்லை. கையின் புறப்பகுதி முழுவதும், நெற்றி முழுவதும், வழுக்கைத் தலை முழுவதும் மாறத் தொடங்கிய செல்கள் பரவியிருக்கின்றன. அதனால்தான் ஒன்றை வெட்டி எடுத்த பிறகு பக்கத்திலேயே இன்னொன்று முளைக்கிறது. ஓர் ஆண்டில் பத்துக்கும் மேற்பட்ட புற்றுகளை வெட்டிக்கொள்ள வேண்டிய நிலைக்கு ஆளானவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறுவை சிகிச்சை தீர்வாகாமல் ஓயாத துரத்தலாகிவிடுகிறது. உள்ளிருந்து தோல் முழுவதற்கும் சென்று சேரும் ஒரு மாத்திரையை மருத்துவர்கள் தேடியது இந்த நெருக்கடியில்தான்.

அண்ணன் கேள்விப்பட்டிருந்த பெயர் நிகோட்டினமைடு. பி3 வைட்டமினின் ஒரு வடிவம். விலை மலிவு, மருத்துவர் சீட்டு இல்லாமலேயே பல நாடுகளில் கிடைப்பது. புறஊதாக் கதிர் பட்ட தோல் செல்கள் சேதத்தைச் சீராக்கப் பெருமளவு ஆற்றலைச் செலவிட்டு வறண்டுபோகின்றன. நிகோட்டினமைடு அந்த ஆற்றல் உற்பத்திக்குத் தேவையான மூலப்பொருளைத் தருகிறது, வெயில் தோலின் எதிர்ப்பாற்றலை அடக்குவதையும் தடுக்கிறது. இந்தக் கருத்தைச் சோதித்த ஆஸ்திரேலிய ஆய்வு 2015 இல் வெளியானபோது உலகெங்கும் செய்தியானது. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் குறைந்தது இரண்டு தோல் புற்றுகள் வந்திருந்த 386 பேரில் ஒரு பாதியினர் 500 மி.கி. மாத்திரையை நாளுக்கு இருவேளையும், மறுபாதியினர் மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் 12 மாதங்கள் உட்கொண்டனர். மருந்து உண்டவர்களிடம் புதிய தோல் புற்றுகள் 23 விழுக்காடு குறைந்தன; செதிள் செல் புற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் 30 விழுக்காடு. பெரிய பக்கவிளைவு எதுவும் இல்லை. மாத்திரையை நிறுத்தியதும் பலனும் நின்றுவிட்டது.

இவ்வளவு நல்ல செய்தியைக் கேட்ட எவரும், ‘இது மிகவும் தேவைப்படுகிறவர்கள் உறுப்பு மாற்று பெற்றவர்கள்தாமே, அவர்களுக்கு உடனே கொடுக்கலாமே’ என்றுதான் நினைப்பார்கள். பல மருத்துவர்களும் அப்படியே நினைத்துக் கொடுத்தார்கள். ஆனால் 2015 ஆய்வில் பங்கேற்றவர்கள் எதிர்ப்பாற்றல் குன்றாதவர்கள். உறுப்பு மாற்று பெற்றவர்களை மட்டும் கொண்டு, அதே மருந்து, அதே அளவு, அதே 12 மாதங்கள் என்று நடத்தப்பட்ட இன்னோர் ஆஸ்திரேலிய ஆய்வு 2023 இல் வெளிவந்தது. 158 பேர் பங்கேற்றனர், பாதிப் பாதியாக. முடிவில் நிகோட்டினமைடு உண்டவர்களிடம் 207 புதிய புற்றுகளும், வெற்று மாத்திரை உண்டவர்களிடம் 210 புதிய புற்றுகளும் கணக்கிடப்பட்டன. வேறுபாடே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 254 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டுப் போதிய ஆள் சேராததால் முன்கூட்டியே முடிக்கப்பட்ட ஆய்வு அது; ஆகவே சிறிய அளவிலான பலன் ஒன்று கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. ஆனாலும் இரு பக்க எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்கும்போது, அந்த வாதத்தை நம்பி ஒருவரை ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு நான் புரிந்துகொண்ட விளக்கம் இதுதான். நிகோட்டினமைடின் வேலையில் ஒரு பங்கு, வெயில் தோலின் எதிர்ப்பாற்றலை அடக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது. உறுப்பு மாற்று பெற்றவரின் எதிர்ப்பாற்றலையோ மருந்துகள் ஏற்கெனவே, அதுவும் வேண்டுமென்றே, அடக்கி வைத்திருக்கின்றன. அங்கே காப்பாற்றுவதற்கு மிச்சம் அதிகமில்லை. 2025 இல், அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 33,000க்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை, பொதுவாக நிகோட்டினமைடு பயன் தருவதாகவும், முதல் புற்று வந்தவுடனேயே தொடங்கியவர்களுக்கு அந்தப் பயன் கூடுதல் என்றும் கூறியது. அவர்களில் உறுப்பு மாற்று பெற்ற 1,334 பேரிடம் ஒட்டுமொத்தமாகப் பயன் தென்படவில்லை. சீக்கிரம் தொடங்கியவர்களிடம் மட்டும் செதிள் செல் புற்று குறைந்திருந்தது. பழைய பதிவுகளிலிருந்து எடுக்கும் முடிவுகளுக்கு, குலுக்கல் முறையில் பிரித்து நடத்தும் ஆய்வின் வலிமை கிடையாது. ஆயினும் இந்தச் ‘சீக்கிரம்’ என்ற குறிப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அடுத்த மருந்திலும் அதுவே திரும்ப வருகிறது.

அந்த மருந்து சிரோலிமஸ். ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அந்தத் தீவின் மக்கள் அதை ராப்பா நூயி என்று அழைப்பதால் ராப்பாமைசின் என்ற பெயரும் இதற்கு உண்டு. இது புற்றைத் தடுக்கத் தனியாகச் சேர்க்கப்படும் மாத்திரையன்று. உறுப்பைக் காக்கும் மருந்துகளில் ஒன்றான இதை, சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸுக்கு மாற்றாகக் கொடுக்கிறார்கள். செல்கள் வளர்வதற்கும், கட்டிகளுக்குப் புதிய இரத்தக் குழாய்கள் உருவாவதற்கும் தேவையான எம்டார் என்ற புரதத்தை இது தடுப்பதால், எதிர்ப்பாற்றலை அடக்கும்போதே புற்றின் வளர்ச்சியையும் அடக்கக்கூடும் என்பது எதிர்பார்ப்பு. 2005 இல் வெளியான ஒரு சிறிய இத்தாலிய ஆய்வில், சிறுநீரக மாற்றுக்குப் பிறகு கபோசி சார்கோமா என்ற வேறொரு புற்று வந்த 15 பேருக்குச் சைக்ளோஸ்போரினை நிறுத்திச் சிரோலிமஸ் கொடுத்தபோது, மூன்று மாதங்களில் எல்லோருடைய தோலிலிருந்தும் அந்தப் புற்று மறைந்தது. இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

செதிள் செல் புற்றில் கதை அவ்வளவு எளிதாக இல்லை. குறைந்தது ஒரு செதிள் செல் புற்று வந்திருந்த சிறுநீரக மாற்றாளர்கள் 120 பேரைக் கொண்ட ஐரோப்பிய ஆய்வு 2012 இல் வெளியானது. சிரோலிமஸுக்கு மாறிய 64 பேரில் 22 விழுக்காட்டினருக்கும், பழைய மருந்திலேயே தொடர்ந்த 56 பேரில் 39 விழுக்காட்டினருக்கும் இரண்டு ஆண்டுகளுக்குள் புதிய செதிள் செல் புற்று வந்தது. அதற்கு முன் ஒரே ஒரு புற்று மட்டும் வந்திருந்தவர்களுக்கே மருந்து மாற்றத்தால் தெளிவான நன்மை கிடைத்தது. பல புற்றுகள் வந்த பின் மாற்றியவர்களுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில், சிரோலிமஸ் உண்டவர்களிடம் கடுமையான பக்கவிளைவுகள் 60 முறையும், மற்றவர்களிடம் 14 முறையும் பதிவாயின. நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் பக்கவிளைவு தாங்காமல் மருந்தையே விட்டுவிட்டனர். வாய்ப்புண், கால் வீக்கம், நுரையீரல் அழற்சி, சிறுநீரில் புரதம் வெளியேறுதல், இரத்தத்தில் கொழுப்பு கூடுதல், காயம் ஆறத் தாமதமாதல் ஆகியவை இதன் அறியப்பட்ட தொல்லைகள். 2014 இல் 21 ஆய்வுகளில் பங்கேற்ற 5,876 பேரின் தரவுகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்தபோது, சிரோலிமஸ் உண்டவர்களிடம் தோல் புற்று 56 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் மொத்த இறப்பு 43 விழுக்காடு கூடியிருந்தது. அந்த இறப்புகள் பெரும்பாலும் இதய நோயாலும் தொற்றாலும் நேர்ந்தவை. தோல் புற்று குறைந்த ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனால் அதை வெற்றி என்று எந்தக் குடும்பமும் சொல்லாது. அதனால் இந்த மாற்றத்தைத் தோல் மருத்துவர் மட்டும் முடிவு செய்ய இயலாது. உறுப்பின் நிலை, இதயத்தின் நிலை, சிறுநீரில் புரதம் உள்ளதா என்பவற்றையெல்லாம் அறிந்த சிறுநீரக மருத்துவர் ஒப்புக்கொண்டால்தான் செய்ய முடியும்.

மருந்தை மாற்றாமல் அளவை மட்டும் குறைத்தால் என்ன என்ற கேள்வியும் எழும். 1998 இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில் 231 சிறுநீரக மாற்றாளர்களில் ஒரு பகுதியினருக்குச் சைக்ளோஸ்போரின் குறைந்த அளவிலும், மற்றவர்களுக்கு வழக்கமான அளவிலும் தரப்பட்டது. குறைந்த அளவு பெற்றவர்களிடம் புற்று குறைந்தது. அதே குழுவில்தான் உறுப்பு நிராகரிப்பும் கூடியது. இந்தத் துறையில் நான் படித்த ஒவ்வொரு ஆய்வும் ஏதோ ஒரு வகையில் இந்த ஒரே தராசைத்தான் மீண்டும் மீண்டும் காட்டுகிறது.

மூன்றாவதும், தடுப்பு மாத்திரை என்ற பெயருக்கு மிகப் பொருத்தமானதும் அசித்ரெட்டின். ஏ வைட்டமினிலிருந்து உருவாக்கப்பட்ட இதை, தோல் தடித்துச் செதில் உதிரும் சோரியாசிஸ் நோயாளிகள் பல ஆண்டுகளாக அறிவார்கள். தோல் செல்கள் ஒழுங்காக முதிர்ந்து உதிரும்படி இது செய்கிறது. நெதர்லாந்தில் நடந்து 1995 இல் வெளியான ஆய்வில், தோலில் சொரசொரப்பான தடிப்புகள் மிகுந்திருந்த சிறுநீரக மாற்றாளர்கள் நாளுக்கு 30 மி.கி. வீதம் ஆறு மாதங்கள் உட்கொண்டனர். அசித்ரெட்டின் உண்ட 19 பேரில் இருவருக்குத்தான், ஆளுக்கு ஒன்றாக, புதிய செதிள் செல் புற்று வந்தது. வெற்று மாத்திரை உண்ட 19 பேரில் ஒன்பது பேருக்கு மொத்தம் 18 வந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் இவ்வளவு தெளிவான வேறுபாடு மருத்துவத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை. உறுப்புக்கும் இதனால் கேடு நேரவில்லை.

இதற்கான விலையை நோயாளி அன்றாடம் தன் உடலில் கொடுக்கிறார். உதடு வெடித்து வறளும், கண் உலரும், தோல் மெலிந்து உரியும், முடி கொட்டும். கல்லீரல் நொதிகளும் டிரைகிளிசரைடு கொழுப்பும் உயரக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனை தொடர்ந்து தேவை. ஏற்கெனவே மருந்துகளால் கொழுப்பு கூடியிருக்கும் உறுப்பு மாற்றாளர்களுக்கு இது சிறிய சிக்கலன்று. கருவில் உள்ள குழந்தைக்குக் கடும் ஊனத்தை உண்டாக்கும் மருந்து இது. எனவே மருந்து உண்ணும் காலத்திலும், நிறுத்திய பின் மூன்று ஆண்டுகளுக்கும் கருத்தரிக்கக் கூடாது. மது அருந்தினால் இது உடலில் வெகுகாலம் தங்கும் வேறொரு பொருளாக மாறிவிடுவதால், கருத்தரிக்கக்கூடிய பெண்கள் மதுவை அறவே தவிர்க்க வேண்டும். மருந்து உண்பவர்களும் அண்மையில் நிறுத்தியவர்களும் இரத்த தானம் செய்யக் கூடாது. இவற்றின் காரணமாக மருத்துவர்கள் பெரும்பாலும் 10 மி.கி. போன்ற சிறிய அளவில் தொடங்கி, தாங்கும் அளவு பார்த்து மெல்ல உயர்த்துகிறார்கள்.

எல்லாவற்றையும்விட நோயாளிக்கு முதலிலேயே சொல்ல வேண்டியது, இது உண்ணும்வரைதான் காக்கும் என்பது. நிறுத்தினால் அடங்கியிருந்த புற்றுகள் மீண்டும் கிளம்பும்; சிலருக்கு ஒரே நேரத்தில் பல தோன்றி, மருந்தே இல்லாமல் இருந்திருக்கலாமோ என்று எண்ண வைக்கும். ஆகவே அசித்ரெட்டினைத் தொடங்குவது என்பது, ஏறத்தாழ வாழ்நாள் முழுவதற்குமாக ஒன்றைத் தொடங்குவது. ஒரே ஒரு புற்று வந்தவரிடம் இதைத் திணிப்பது சரியாகாது என்பதே என் கருத்து. ஆண்டுதோறும் பல புற்றுகள் வருபவர், அல்லது உதடு, காது போன்ற இடங்களில் பரவும் ஆபத்துள்ள புற்று வந்தவர் என்றால், வெடித்த உதட்டைப் பொறுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது.

குடல், மார்பகப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் கேப்சிடபின் என்ற கீமோதெரபி மாத்திரையையும், மற்ற எதுவும் பயன்தராத நிலையில், குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளிடம் புற்றுகளின் வரத்து நன்றாகக் குறைந்தது. உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து உரிதல், வயிற்றுப்போக்கு, சோர்வு ஆகியவை வரும். இந்த மருந்தைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு உயிராபத்தும் உண்டு. இது கடைசிப் படிக்கட்டு.

இந்த மாத்திரைகளையெல்லாம் படித்த பிறகு நான் திரும்பிப் பார்த்தது, ஏற்கெனவே உண்ணும் மாத்திரைகளின் பட்டியலை. புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன், தோலை வெயிலுக்குக் காட்டிக்கொடுக்கும் மருந்து ஏதேனும் அதில் இருக்கிறதா என்று கேட்பது நல்லது. அசாதயோப்ரினுக்குப் பதில், எதிர்ப்பாற்றலை அடக்கும் மற்றொரு மருந்தான மைக்கோஃபினோலேட் கொடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். இரத்த அழுத்தத்துக்குப் பரவலாகத் தரப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடை நெடுங்காலம் உண்டவர்களிடம் செதிள் செல் புற்று கூடுவதாக டென்மார்க் ஆய்வுகள் காட்டியுள்ளன. நுரையீரல் மாற்று பெற்றவர்களுக்குப் பூஞ்சைத் தொற்றைத் தடுக்க நீண்ட காலம் தரப்படும் வோரிகோனசோலும் அப்படியே. இவற்றைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஆனால் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

வெயில் தடுப்புக் களிம்பை எளிய பொருள் என்று கருதி இந்தப் பேச்சிலிருந்து ஒதுக்கிவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். 2009 இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் 120 உறுப்பு மாற்றாளர்கள் 24 மாதங்கள் கவனிக்கப்பட்டனர். நாள்தோறும் களிம்பு பூசியவர்களில் ஒருவருக்குக்கூடப் புதிய செதிள் செல் புற்று வரவில்லை. மற்றவர்களிடம் எட்டு வந்தன. குலுக்கல் முறையில் பிரிக்கப்படாத ஆய்வு என்பதை ஒப்புக்கொண்டாலும், பெரிய பக்கவிளைவு இல்லாத ஒன்றிலிருந்து வரும் இந்த முடிவைப் புறக்கணிக்க முடியாது. கருநிறத் தோல் உள்ளவர்கள் இதெல்லாம் தமக்கு வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களுக்குத் தோல் புற்று குறைவாகவே வருகிறது. ஆனால் வரும்போது, பிறப்புறுப்புப் பகுதி போன்ற வெயில் படாத இடங்களிலும் வருகிறது, பாப்பிலோமா வைரஸோடு தொடர்புடையதாகவும் இருக்கிறது. அங்கே களிம்போ தொப்பியோ உதவாது. உடல் முழுவதையும் பார்க்கும் பரிசோதனைதான் உதவும். அந்தப் பரிசோதனைக்கு வெட்கம் தடையாக இருப்பதை மருத்துவர்கள் முன்வந்து களைய வேண்டும்.

அண்ணனுக்கு இப்போது தடுப்பு மாத்திரை எதுவும் தரப்படவில்லை. அவருக்கு வந்தது ஒன்று; சிறுநீரில் ஏற்கெனவே சிறிது புரதம் வெளியேறுவதால் சிரோலிமஸ் வேண்டாம் என்று சிறுநீரக மருத்துவர் சொல்லிவிட்டார். அசாதயோப்ரினை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதன்பின், சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்தில் முன்னைவிட நெருக்கமாகப் பார்த்துவருகிறார்கள். தோல் மருத்துவர், இனி ஓராண்டுக்குள் பல புற்றுகள் தோன்றினாலோ, ஒன்று ஆழமாக ஊடுருவினாலோ அசித்ரெட்டினைத் தொடங்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார். அதற்குத் தயாராகக் கொழுப்பையும் கல்லீரலையும் இப்போதே ஒருமுறை பரிசோதித்து அடிப்படை அளவுகளைக் குறித்துக்கொண்டார்கள். நிகோட்டினமைடைத் தானாக வாங்கி உண்ணலாமா என்று அண்ணன் கேட்டபோது, பலன் இருப்பதாக உறுதி இல்லாத ஒன்றை ஏற்கெனவே நீண்டிருக்கும் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்றும், புதிய ஆய்வு வந்தால் தாமே சொல்வதாகவும் தோல் மருத்துவர் விடை சொன்னார்.